குதிக்காமல் நின்றவள்

அறுபதுகளின் பின்பாதி அது. எல்லையில் சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நான் பட்டாளத்தில் பாராசூட் பிரிவில் இருந்தேன். நீண்ட விடுப்பு கிடைத்து, பம்பாயில் தாராவியிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். இப்போது சொல்லப்போவது சயான் ஸ்டேஷனுக்கும் குர்லா ஸ்டேஷனுக்கும் நடுவில், ஓடுகிற லோக்கல் ரயிலின் வாசலில் நடந்தது. ஆகாயத்திலிருந்து குதித்தவனுக்கு மறக்க முடியாத அனுபவம் போயும் போயும் லோக்கல் ரயிலில்தானா என்று கேட்பீர்கள். என் பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் கேட்கிறார்கள். நான் என்ன செய்ய?

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதி புரியாது. பழைய டகோட்டா விமானத்திலிருந்து குதிப்பது ஒரு மாதிரி, ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பது வேறு மாதிரி. விமானம் வேகமாகப் போகும். வாசலைத் தாண்டிக் கால் வைத்ததுமே காற்று ஆளை வாரிக்கொண்டு போய்விடும். முதுகில் இருக்கும் பாராசூட்டின் கயிற்றை விமானத்துக்குள் ஒரு கம்பியில் கொக்கி போட்டு மாட்டியிருப்போம். அது இழுத்து, குடை தானாகத் திறந்துகொள்ளும். நாங்கள் வாய்விட்டு எண்ண வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் வார் இழுபட்டுத் தோளில் ஒரு வெட்டு விழும், குடை திறந்துவிட்டது என்று அர்த்தம். விழாவிட்டால் நெஞ்சில் கட்டியிருக்கும் சின்ன பாராசூட்டின் பிடியை இழுக்க வேண்டும். மூன்று, பிறகு பிடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை நெஞ்சுக்குப் போகிற அளவுக்கு அதைப் பழக்கியிருந்தார்கள்.

அப்புறம்தான் ஹெலிகாப்டர் வந்தது. அது மெதுவாகப் போகிற வண்டி. வாரிக்கொண்டு போகக் காற்று கிடையாது. கிணற்றில் விட்ட வாளி மாதிரி நேரே கீழே போவோம், வயிறு மட்டும் மேலேயே தங்கிவிடும். மூன்று எண்ணி முடித்தாலும் குடை திறக்காது. நாலு, ஐந்து, சமயத்தில் ஆறுகூட ஆகும். அதுவரை நெஞ்சுப் பிடியைத் தொடாதே என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மூளைக்குப் புரிந்தது. கைக்குப் புரிய வேண்டுமே.

சாத்தாரா பக்கத்து மராட்டிக்காரன் ஒருவன் எனக்கு நல்ல சிநேகிதன். ஒருநாள் ஹெலிகாப்டரிலிருந்து அவன் எனக்கு முன்னால் குதித்தான். மூன்றாவது எண்ணிக்கையில் பழைய பழக்கத்தில் அவன் கை நெஞ்சுப் பிடியை இழுத்துவிட்டது. அந்தச் சமயத்திலேயே முதுகுக் குடையும் திறக்க, இரண்டும் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டன. எனக்குக் கீழே அவன் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு போவதை நான் தொங்கியபடியே பார்த்தேன். பிழைத்துவிட்டான். ஆனால் இரண்டு காலிலும் எலும்பு நொறுங்கி, பட்டாளமே வேண்டாம் என்று அவனை வீட்டுக்கு அனுப்பும்படி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கப் போனபோது வாசலில் என் கால் நின்றுவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. வாசலோரம் நிற்கும் டிஸ்பாட்சர் வழக்கம்போல என் தோளில் தட்டினார், தட்டினால் குதி என்று அர்த்தம். கால் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கியதில் நான் வெளியே விழுந்தேன். யாரும் கவனிக்கவில்லை. நான் குதிக்கவில்லை, தள்ளப்பட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். அடுத்த வாரமே விடுப்பில் வந்துவிட்டேன்.

வாசலில் நின்று குதிக்க மறுத்தவனை எங்களிடத்தில் யாரும் திட்ட மாட்டார்கள். சட்டையில் தைத்திருக்கும் இறக்கைச் சின்னத்தை அன்று சாயங்காலமே பிரித்து வாங்கிக்கொண்டு, வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவ்வளவுதான். இன்னொரு வழக்கமும் உண்டு. வயிறு சரியில்லை என்று சொல்லலாம், காய்ச்சல் என்று சொல்லலாம், பயமாக இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்த வார்த்தையே அங்கே கிடையாது.

விடுப்பு முடிந்து போனதும் மறுபடியும் ஹெலிகாப்டர்தான் என்று தெரியும். இந்தத் தடவை கால் நின்றால் என்ன செய்வது? இறக்கை போய்விட்டால் எந்த முகத்தோடு ஊருக்குள் வருவது? எந்நேரமும் இதே நினைப்புதான். வீட்டிலோ எனக்கு ராஜ மரியாதை. அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். அங்கே உடன் வேலை பார்ப்பவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து என்னைக் காட்டுவார். மேலே இருந்து பார்த்தால் பூமி எப்படி இருக்கும், காது அடைக்குமா என்று தெருவே கேட்கும். நானும் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்வேன். சொல்லி முடித்ததும் எழுந்து வெளியே போய்விடுவேன். உட்கார முடியாது. ராத்திரி படுத்தால் கால் தானாக உதறும்.

“ஏல, காலுல சக்கரத்தையா கட்டியிருக்க? ஒரு வாய் நிம்மதியா உக்காந்து சாப்பிடப்படாதா?” என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

சீசன் பாஸ் ஒன்று வாங்கிக்கொண்டேன். காலையில் கிளம்பி மாட்டுங்காவில் ஒரு காப்பி, அங்கிருந்து வி.டி., திரும்பி காட்கோபர், மறுபடி தாதர் என்று சும்மா ரயிலில் போய் வந்துகொண்டிருப்பேன். உள்ளே இடம் இருந்தாலும் உட்கார மாட்டேன். வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரை ஓடுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ரயில் நிற்பதற்கு முன்னால் குதித்து இறங்குவது பம்பாயில் ஆபீஸ் குமாஸ்தாகூடச் செய்கிற வேலை, சின்ன வயதில் நானும் செய்ததுதான். இப்போது ரயில் முழுதாக நின்ற பிறகுதான் என்னால் இறங்க முடிந்தது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் தாதரில் ஒரு குடும்பம் ஏறியது. புருஷன், பெண்டாட்டி, அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய்ச் சுருட்டு, ஒரு மூட்டை. பேச்சைக் கேட்டதும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. அவன் பம்பாய்க்குப் பழையவன், அவளை அன்றுதான் ஊரிலிருந்து கூட்டி வந்திருக்கிறான். ஏறினதிலிருந்து அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தான்.

“இங்க வண்டி நம்மளுக்காவ நிக்காது பாத்துக்கோ. சயான் வந்ததும் சட்டுனு எறங்கிரணும். பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கப்படாது, கேட்டியா?”

அவள் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனதை அவன் பார்க்கவில்லை.

சயான் வந்தது. நானும் அங்கேதான் இறங்க வேண்டும். வண்டி நிற்கும் முன்பே அவன் பெட்டியோடும் பாயோடும் குதித்துவிட்டான். அவள் மூட்டையை வெளியே தள்ளிவிட்டு வாசலுக்கு வந்தாள். அதற்குள் கீழே நின்ற கூட்டம் இறங்குகிறவர்களுக்கு வழிவிடாமல் ஏறத் தொடங்கியது. அவளை அப்படியே உள்ளே அமுக்கிக்கொண்டு வந்தார்கள். முட்டி மோதி அவள் மறுபடியும் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது.

இடது இடுப்பில் குழந்தை, வலது கையில் கம்பி. அவளுக்கு நேர் பின்னால் நான். கீழே அவள் புருஷன் பெட்டியைப் போட்டுவிட்டு வண்டியோடு ஓடி வந்தான்.

“குதி, குதிட்டி, ஏட்டி குதி.”

எனக்குப் பின்னால் இறங்க வேண்டியவர்கள் வேறு கத்தினார்கள். “அரே உதர் நா” என்றது ஒரு குரல். “ஜல்தி, கூத் ஜாவ்” என்றது இன்னொரு குரல். ரயில் பெட்டி முழுவதும் அவளைக் குதிக்கச் சொன்னது. வண்டி வேகமெடுத்துக்கொண்டிருந்தது.

என் வலது கை தானாக உயர்ந்தது. நான் உயர்த்தவில்லை, அதுவாக உயர்ந்தது. எத்தனையோ தடவை என் தோளில் விழுந்த அதே தட்டைக் கொடுப்பதற்காக உள்ளங்கை அவள் தோளுக்கு ஒரு விரல் தூரம்வரை போய்விட்டது. தட்டியிருந்தால் போதும், அவள் போயிருப்பாள். அப்போது தற்செயலாக அவள் காலைப் பார்த்தேன். செருப்பு இல்லாத கால். விரல்கள் மடங்கி, வாசல் விளிம்பைக் கவ்விப் பிடித்திருந்தன. அது எனக்குத் தெரிந்த கால்தான். ஹெலிகாப்டர் வாசலில் என் பூட்ஸுக்குள் என் விரல்களும் அப்படித்தான் மடங்கியிருந்தன.

தட்டப்போன கையால் அவள் கையை எட்டிப் பிடித்து, மற்றக் கையால் குழந்தையையும் சேர்த்து வளைத்து உள்ளே இழுத்தேன். பின்னால் நின்றவர்கள் மேல் போய் விழுந்தோம். அவள் கண்ணாடி வளையல்கள் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. குழந்தை வீரிட்டது. வாசலுக்கு வெளியே பிளாட்பாரம் முடிந்து, கருங்கல் ஜல்லி ஓட ஆரம்பித்திருந்தது.

நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. இறங்கப்போன ஒரு பெண்ணை ஒரு தடியன் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்தான், வளையலை உடைத்தான், அவள் அழுகிறாள். அவர்கள் கண்ணில் பட்டது அதுதான். ஒருவர் என் காலரைப் பிடித்தார். “அவுரத் பர் ஹாத் டால்தா ஹை?”, பொம்பளை மேலேயா கை வைக்கிறாய் என்று இன்னொருவர் கன்னத்தில் ஒன்று விட்டார். குர்லாவில் வண்டி நின்றதும் என்னை இழுத்துப்போட்டார்கள். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நான் இந்தியில் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். என் இந்தி பட்டாளத்து இந்தி, நல்ல வார்த்தைகளோடு சேர்ந்து கெட்ட வார்த்தைகளும் தானாக வந்து விழும். இன்னும் இரண்டு அடி விழுந்ததுதான் மிச்சம். சட்டை கிழிந்தது. போலீசைக் கூப்பிட ஓர் ஆள் கிளம்பினார். அந்த நிலையிலும் என் மனசு என்ன நினைத்தது தெரியுமா? வழக்கு கிழக்கு என்று இங்கேயே மாட்டிக்கொண்டால் நல்லதுதான், குதிக்கப் போக வேண்டாமே என்று நினைத்தது. சத்தியமாக நினைத்தது.

அவளுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. தமிழில் ஏதோ சொன்னாள், யாருக்கும் புரியவில்லை. ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தவள், திடீரென்று இரண்டு ஆண்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள். நேரே என்னிடம் வந்து, இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

கூட்டத்துக்கு அது புரிந்துவிட்டது. காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்த ஆளே என் காலரை நீவிச் சரிசெய்துவிட்டு, “மாஃப் கர்னா பாய்” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்தார். ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். முன்பின் தெரியாத ஒருத்தியின் பிள்ளையை ஏந்திக்கொண்டு குர்லா பிளாட்பாரத்தில் கிழிந்த சட்டையோடு நான் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தது.

புருஷன் அடுத்த வண்டியில் வந்துவிடுவான் என்று சொல்லி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்தது அன்றுதான்.

“அண்ணாச்சி, கன்னத்துல அடிச்சிட்டானுவளே. வலிக்கா?” என்று கேட்டாள்.

“அது கெடக்கட்டும் தங்கச்சி. நீ பயந்துட்டியா?”

“குதிக்கணும்னுதான் நெனச்சேன். அவுக சொன்னா செஞ்சிருவேன். இந்தக் காலு வரமாட்டேன்னுட்டு.”

“எனக்கும் வராது” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை, முகாமில் உடன் இருந்த சிநேகிதர்களிடம் சொல்லவில்லை, பேர்கூடத் தெரியாத இவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஹெலிகாப்டர், சிநேகிதன், வாசல், தோளில் விழும் தட்டு, இறக்கை எல்லாம். அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

“அங்கன இருந்தா? எதுக்கு அண்ணாச்சி அங்கன இருந்து குதிக்கணும்?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “ஏறும்போது எனக்குத் தெரியாது, இப்பிடி ஆவும்னு. ஒங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுதே. அப்போ ஏறுததுக்கு முந்தியே சொல்லிர வேண்டியதுதான? வாசல்ல போயி நின்னுக்கிட்டா பின்னால நிக்கவுகளும்லா எறங்க முடியாமப் போவுது. எனக்குப் பின்னால ஒரு வயசாளி நின்னாரு, பாவம். அவரும் என்னாலதான் இங்க வந்து எறங்குனாரு.”

எனக்குச் சுருக்கென்றது. என் கால், என் மானம், என் இறக்கை, இப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நான் நின்றால் எனக்குப் பின்னால் கொக்கி மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் என்ன ஆவார்கள்? நொடிக்கணக்கில் தாமதமானாலும் இறங்க வேண்டிய திடல் தாண்டிப்போகும், மரத்திலோ ஆற்றிலோதான் அவர்கள் விழுவார்கள். பாடத்தில் படித்ததுதான். ஒரு நாள்கூட அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வண்டியில் அவன் வந்து சேர்ந்தான். தலையில் பெட்டி, கையில் பாயும் மூட்டையும், உடம்பெல்லாம் வேர்வை. வந்ததும் வராததுமாக, “ஏட்டி, குதின்னு எம்புட்டுக் கத்துனேன், காது கேக்கலியா?” என்று பாய்ந்தான்.

“புள்ளையோடவா குதிக்கச் சொல்லுதீக?” என்று மட்டும் அவள் கேட்டாள்.

“பிளாட்பாரம் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. குதிச்சிருந்தா ஜல்லியிலதான் விழுந்திருப்பாக” என்றேன் நான்.

அவன் பெட்டியை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்தான். “தனியா எங்கன போயிருவாளோன்னு பயம். வேற என்ன சொல்லன்னு தெரியல. பயத்துல கத்திட்டேன்” என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. சயான் பக்கம் போகிற எதிர் வண்டி வந்தது. அவள் முதலில் ஏறினாள், அவன் பின்னால் ஏறினான், நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பினேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்லாமலே பழகிவிட்டது. ஹெலிகாப்டர் நாள் வந்தது. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். சுபேதார் ஒவ்வொருவரின் வாரையும் இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். வடக்கே கார்வால் மலைப்பக்கத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். என் முன்னால் வந்ததும், பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். “சாப், டர் லக்தா ஹை. வாசலில் என் கால் நின்றுவிடலாம். போன தடவை நின்றது.”

வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். சுபேதார் என் வாரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். கடைசி ஆளாகப் போ என்றார். உன் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள், கால் வராவிட்டால் உட்கார்ந்தபடி திரும்பி வா, சாயங்காலம் இறக்கையை நானே பிரித்துக்கொள்கிறேன் என்றார். திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை.

மேலே போனோம். பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். நான் மட்டும் மிஞ்சினேன். சுபேதார் சொல்லிவைத்திருப்பார் போலிருக்கிறது, டிஸ்பாட்சர் கையை உயர்த்தவில்லை, என்னைப் பார்த்தபடி சும்மா நின்றார். பின்னால் நெருக்க ஆள் இல்லை. குதி என்று சொல்ல ஒருவரும் இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும்தான். ஹெலிகாப்டர் ஒரு வட்டம் போட்டுத் திரும்பவும் திடலுக்கு மேலே வந்தது. பயம் துளிகூடக் குறையவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கால் விரல் மடங்கித்தான் இருந்தது. ஆனால் அன்று அது என் பயம் மட்டும்தான், வேறு யாரையும் அது மறித்துக்கொண்டு நிற்கவில்லை. காலைத் தூக்கி வெளியே வைத்தேன்.

எண்ணினேன். மூன்று வந்தது, குடை திறக்கவில்லை. கை நெஞ்சுப் பிடிக்குப் போயிற்று. அந்தக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டேன். நாலு. ஐந்து. தோளில் வெட்டு விழுந்தது. மற்றவர்கள் இறங்கி முடித்த திடலில், புல்லுக்கு நடுவே நான் தனியாகப் போய் விழுந்தேன். எழுந்திருக்க மனமில்லாமல் படுத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தடவை வரிசையில் நின்றபோது, மல்யுத்தக்காரன் மாதிரி இருக்கும் ஒருவன், இடிக்கே அசையாதவன், சுபேதார் முன்னால் மெதுவாக, “சாப், முஜே பீ”, எனக்கும் பயம்தான் என்றான். அவனும் அன்று கடைசியில் போனான், அவனும் குதித்தான்.

இப்போது செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆகாயத்திலிருந்து குதித்த மனுஷன், என்ன தைரியம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், நானும் மறுக்காமல் கேட்டுக்கொள்வேன். ஆனால் என் வாழ்நாளில் நான் தைரியமாகச் செய்த காரியம், தரையில் நின்றுகொண்டு எல்லோர் காதிலும் விழும்படி பயமாக இருக்கிறது என்று சொன்னது ஒன்றுதான், அதுவும் பேர் தெரியாத ஒருத்தி சொல்லித் தந்துதான் எனக்கு வந்தது.